ஒரு கப் மைதா எத்தனை கிராம்? ஆளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க

அரைக்கப் எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப மண்டை காயுது அதான் கேக்கறேன். ஒரு குக்கி ரெசிபி பாத்து வெச்சிருக்கேன், எல்லாமே கப் கணக்கு. மைதா இரண்டே கால் கப்னு போட்ருக்கு. கைல டிஜிட்டல் தராசு இருக்கு, சரி இனிமே கிராம்லயே போடலாம்னு கணக்கு தேடினா ஒரு சைட்ல 1 கப் மைதா 120 கிராம், இன்னொன்னுல 125, மூணாவதுல 142. போதாக்குறைக்கு ஒரு கன்வெர்ட்டர்ல தட்டினா 237 கிராம்னு காட்டுது! 120னு எடுத்தா எனக்கு 270 கிராம் வேணும், 142னு எடுத்தா கிட்டத்தட்ட 320. நடுவுல 50 கிராம் ஓடுது. இதுல எதைத்தான் நம்பறது?

வேடிக்கை எழுதியது:
எல்லாத்தையும் கூட்டி நாலால வகுத்துடுங்க, ஜனநாயக முறைப்படி முடிவாயிடும்

தராசுமாமா எழுதியது:
அம்மா அரைக்கப், அந்த 237ஐ முதல்ல தூக்கி குப்பைல போடுங்க. அது தண்ணியோட எடை. அமெரிக்க கப் 236.6 மில்லி, 1 மில்லி தண்ணி 1 கிராம், அந்த கன்வெர்ட்டர் நீங்க மாவு கேக்கறீங்கன்னே தெரியாம மில்லியை அப்படியே கிராம்னு எழுதிக் குடுத்துட்டு போயிடுச்சு. மாவு தண்ணில பாதிதான் எடை இருக்கும், ஏன்னா மாவுக்குள்ள பாதிக்கு மேல காத்து.

மிச்ச மூணும் சரிதான். கிண்டல் பண்ணல, நெஜமாவே மூணும் சரி. 120ங்கறது கிங் ஆர்தர் மாவு கம்பெனிக்காரங்க அவங்க ரெசிபி எல்லாத்துக்கும் வெச்சிருக்கற கணக்கு. 125 அமெரிக்க விவசாயத் துறையோட உணவுப் பட்டியல்ல இருக்கறது. 142ங்கறது 5 அவுன்ஸ், அது ரெசிபிய செஞ்சு செஞ்சு பாத்து வெளியிடற அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன்காரங்க கணக்கு. யாரும் பொய் சொல்லல, மாவை கப்புக்குள்ள எறக்கற விதம் வேற வேற, அவ்ளோதான். முதல் ஆளு மாவைக் கிளறி விட்டு ஸ்பூனால கொஞ்சம் கொஞ்சமா போட்டு கத்தியால தலை தட்டறாரு. கடைசி ஆளு கப்பையே மாவு டப்பாக்குள்ள விட்டு கோரி எடுத்து தலை தட்டறாரு.

அதனால "ஒரு கப் மைதா எத்தனை கிராம்"னு கேட்டா பதில் கிடையாது. "இந்த ரெசிபிய எழுதினவரோட ஒரு கப் மைதா எத்தனை கிராம்"னு கேட்டா பதில் உண்டு.

கண்ணளவு எழுதியது:
இப்படித்தான் சின்ன விஷயத்தைப் பெருசாக்கறது. கப் கப்புதான், தலை தட்டினா முடிஞ்சுது. எல்லா பொருளையும் ஒரே கப்பால அளந்தா விகிதம் தானா சரியாயிடும். தராசு, பட்டன், பேட்டரின்னு சமையலறைய லேப் ஆக்கிட்டீங்க. நான் கப்புலதான் செய்றேன், நல்லாத்தான் வருது.

சல்லடைக்காரி எழுதியது:
கண்ணளவு சார், உங்களுக்கு நல்லா வருதுன்னா அதுக்குக் காரணம் நீங்க எப்பவும் ஒரே மாதிரி அளக்கறீங்க, உங்க ரெசிபி உங்க கைக்குப் பழகிடுச்சு. அடுத்தவங்க ரெசிபிய எடுக்கும்போதுதான் கணக்கு உதைக்குது.

"ஒரே கப்பால அளந்தா விகிதம் சரியாயிடும்"னு சொன்னீங்க பாருங்க, அது சர்க்கரைக்கும் பாலுக்கும் சரி. சீனியை எப்படிக் கொட்டினாலும் ஏறக்குறைய 200 கிராம்தான், அது அமுங்காது. பால் எப்படி ஊத்தினாலும் 240 சொச்சம். மாவு மட்டும்தான் ஆளுக்கு ஆள் ஊதும், அமுங்கும். அப்ப மத்ததெல்லாம் ஒரே இடத்துல நிக்குது, மாவு மட்டும் நகருது, விகிதம் எங்கேர்ந்து சரியாகும்?

நம்பலைன்னா வீட்லயே பாருங்க. கப்பை டப்பாக்குள்ள குத்தி, டப்பா சுவர்ல சாய்ச்சு அழுத்தி ஒரு கோரல் எடுத்து தலை தட்டி ஒரு தட்டுல கவுத்துங்க. கப் வடிவத்துலயே மண்ணுக்கட்டி மாதிரி விழும், ஓரத்துல விரல் வெச்சா பிளந்து சரியும். அடுத்து மாவை முள்கரண்டியால நல்லா கிளறி விட்டு ஸ்பூனால அள்ளி அள்ளி லேசா உதிர்த்து நிரப்பி தலை தட்டி கவுத்துங்க. அது விழுந்த உடனே பரந்துடும், வடிவமே நிக்காது. ரெண்டு குவியலையும் தராசுல வெச்சா 20லேர்ந்து 30 கிராம் வரைக்கும் வித்தியாசம் சர்வசாதாரணமா வரும். கப்பை மேடைல ரெண்டு தட்டு தட்டினா இன்னும் மோசம், மாவு விளிம்புலேர்ந்து கீழ எறங்கிடும், அந்தக் காலி இடத்துக்கு இன்னொரு ஸ்பூன் பிடிக்கும், சில பேருக்கு அது பழக்கமாவே இருக்கு, தட்டறோம்னே தெரியாம தட்டுவாங்க.

அரைக்கப் எழுதியது:
ஓ அப்ப பை மேல பையா அடுக்கி வெச்சிருந்த மாவும் புதுசா பிரிச்சு டப்பால கொட்டின மாவும் கூட ஒண்ணு இல்லையா அக்கா?

சல்லடைக்காரி எழுதியது:
இல்லவே இல்ல. வண்டில குலுங்கி வர்றப்பவே மாவு கீழ கீழ உக்காந்துடும். பைல இருந்து நேரா கோரினா எடை ஜாஸ்தி, டப்பால கொட்டின உடனே கோரினா கொஞ்சம் கம்மி, அதே டப்பா சும்மா நின்னா மறுபடி உக்காரும். கப்புல நிக்கற வரைக்கும் இந்தக் கண்ணாமூச்சி ஓயாது.

ரொட்டிப்பித்தன் எழுதியது:
இன்னொரு குழப்பத்தையும் சேத்துக்கோங்க. எந்த ஊரு கப்பு? அமெரிக்க கப் 236.6 மில்லி, அதையே அவங்க ஊட்டச்சத்து லேபிள்ல போடும்போது 240னு முழுசாக்கிக்கறாங்க. ஆஸ்திரேலியாவுல 250. ஜப்பான் ரெசிபில 200. பழைய பிரிட்டிஷ் புத்தகத்துல கப்னு வந்தா 284 மில்லி, அதாவது அவங்க ஊரு பைண்ட்ல பாதி. அதே கையால அதே மாதிரி ஸ்பூன்ல போட்டாலும் 200 மில்லி கப்புல 100 கிராம் சொச்சம்தான் பிடிக்கும், 250ல 127 கிட்ட வரும். டேபிள்ஸ்பூன் கூட ஆஸ்திரேலியாவுல 20 மில்லி, மத்த இடத்துல 15. அரை டேபிள்ஸ்பூன் ஈஸ்ட்னு வந்தா அங்க 10 மில்லி இங்க ஏழரை, மூணுல ஒரு பங்கு ஜாஸ்தி போயிடும்.

அதனால ரெசிபி எந்த நாட்டுதுன்னு முதல்ல பாருங்க, அப்புறம் மாவைப் பத்தி யோசிங்க.

தராசுமாமா எழுதியது:
ரொட்டிப்பித்தன் சொன்னது முக்கியம். அதோட வீட்ல இருக்கற கப்பு நெஜமாவே எத்தனை மில்லின்னு யாராவது பாத்திருக்கீங்களா? மேல 1 கப்னு பொறிச்சிருக்கும், அதை அப்படியே நம்பிடறோம். தராசுல கப்பை வெச்சு பூஜ்யம் பண்ணுங்க, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க, காட்டற கிராம்தான் அந்தக் கப்போட மில்லி. அறை வெப்பத்துல தண்ணி 1 மில்லிக்கு 1 கிராமுக்கு ஒரு மயிரிழை கம்மி, சமையலுக்கு அதெல்லாம் கணக்குல இல்ல. தண்ணி விளிம்புக்கு மேல உப்பி நிக்கற அளவுக்கு ஊத்தாதீங்க, அது சில கிராம் ஏத்திக் காட்டும். செட்டா வாங்கற கப்புல முழுக் கப்பு சரியா இருந்து கால் கப்பு மட்டும் தப்பா இருக்கறதும் உண்டு, நாலு கால் கப் தண்ணி முழுக் கப்பை நிரப்புதான்னு பாத்தா தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, மூக்கு வெச்ச கண்ணாடி அளவுக் குவளைல மாவு அளக்காதீங்க. கோடு விளிம்புக்கு கீழ இருக்கும், தலை தட்ட முடியாது, மேல் மட்டம் சமமா வரணும்னு எல்லாரும் என்ன பண்ணுவாங்க, குவளையை ஆட்டுவாங்க. ஆட்டின உடனே மாவு அமுங்கிடும். அந்தக் குவளை பாலுக்கும் எண்ணெய்க்கும்.

கண்ணளவு எழுதியது:
சரி நான் ஒண்ணு கேக்கறேன். தராசு மட்டும் என்ன தெய்வமா? மாவுல ஈரம் ஏறும் எறங்கும். மழை நாள்ல 120 கிராம் மாவும் வெயில் நாள்ல 120 கிராம் மாவும் ஒண்ணா? ஒரு மாவு தண்ணி நிறைய குடிக்கும், இன்னொண்ணு குடிக்காது. கடைசில கைக்குத்தானே தெரியணும்? அப்புறம் எதுக்கு ஒத்தை கிராமுக்கு உசுரை விடறீங்க?

தராசுமாமா எழுதியது:
நல்ல கேள்வி சார், இதுல பாதி உங்க பக்கம்தான் நியாயம். மாவுல சாதாரணமா 12லேர்ந்து 14 சதவீதம் வரைக்கும் ஈரம் இருக்கும், வெச்சிருக்கற இடத்தைப் பொறுத்து மாறும். 2 சதவீதம் மாறினா 120 கிராமுக்கு எவ்ளோ? ரெண்டரை கிராம் கூட வராது. கோரறதுலயும் ஸ்பூன்ல போடறதுலயும் வர்றது 20 கிராமுக்கு மேல. ரெண்டரை கிராமைக் காட்டி 20 கிராமை நியாயப்படுத்தக் கூடாது.

மாவுக்கு மாவு தண்ணி குடிக்கறது மாறும், அது முழுக்க உண்மை. புரதம் அதிகமான மாவு அதிகமா குடிக்கும், தவிடு இருந்தா இன்னும் குடிக்கும். அதுக்கு கைதான் வேணும், தராசு உதவாது. ஆனா தராசுல அளந்தா "இன்னிக்கு மாவு வேற மாதிரி இருக்கு"ன்னு கண்டுபிடிக்க முடியும், கப்புல அளந்தா மாவு மாறுச்சா கை மாறுச்சான்னே தெரியாதே.

கண்ணளவு எழுதியது:
அது சரி. அந்தக் கடைசி வரி ஒத்துக்கறேன். மத்தபடி நான் கப்புதான்.

சல்லடைக்காரி எழுதியது:
இருக்கட்டும் சார் யாரும் பிடுங்கல :)

என் பேருக்கு ஏத்த மாதிரி நான் ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்க ரெசிபில ஒரு கமா இருக்கும் பாருங்க, அதை விட்டுடாதீங்க. "1 கப் மைதா, சலித்தது"ன்னு இருந்தா முதல்ல அளந்துட்டு அப்புறம் சலிக்கணும், அப்ப எடை வழக்கமான ஒரு கப்பு எடைதான். "1 கப் சலித்த மைதா"ன்னு இருந்தா முதல்ல சலிச்சு அந்தப் பூமாதிரி மாவை கப்புல நிரப்பணும், அது 115 கிராம் பக்கம்தான் வரும், கேக் மாவா இருந்தா 100க்கும் கீழ கூட போகும். பழைய கேக் ரெசிபில இது நிறைய. கேக்குக்கு மூணு கப்னு வெச்சுக்கோங்க, சலிச்சு அளந்தா 345, கோரி அளந்தா 426. 80 கிராம் மாவு அதிகமாப் போன கேக் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம், நடுவுல மலை மாதிரி உப்பி வெடிச்சு, வெட்டும்போது பொலபொலன்னு உதிரும், சாப்பிட்டா தண்ணி கேக்கும். எல்லாரும் ஓவனைத் திட்டுவாங்க.

அரைக்கப் எழுதியது:
ஐயோ அக்கா இது என் குக்கியப் பாத்துட்டு எழுதின மாதிரி இருக்கு. சரி, எழுதினவரோட கப் எத்தனை கிராம்னு கண்டுபிடிக்கறது எப்படி? அவரைப் போய்க் கேக்கவா முடியும்?

தராசுமாமா எழுதியது:
கேக்காமலே கண்டுபிடிக்கலாம். முதல்ல அவர் வேற ரெசிபி எதுலயாவது கப்பும் கிராமும் ரெண்டும் போட்ருக்காரான்னு பாருங்க, கிராமை கப்பால வகுத்தா அவரோட நம்பர் வந்துடும். "மூணு கப் மைதா, 375 கிராம்"னு இருந்தா அவர் 125 ஆளு. ஒரே எழுத்தாளர் பெரும்பாலும் ஒரே நம்பரைத்தான் எல்லாத்துக்கும் வெச்சிருப்பார்.

அது கிடைக்கலைன்னா புத்தகத்தோட முன்பக்கத்துல, சைட்டா இருந்தா கேள்வி பதில் பக்கத்துல "நான் மாவு அளக்கற விதம்"னு எங்கயாவது எழுதியிருப்பாங்க. ஸ்பூன்ல போட்டு தலை தட்டறவங்கன்னா 120லேர்ந்து 125, கப்பால கோரறவங்கன்னா 140லேர்ந்து 145. அதுவும் இல்ல, அமெரிக்க ரெசிபிங்கறது மட்டும்தான் தெரியும்னா மாவுப் பை பின்னாடி லேபிளைப் பாருங்க, அமெரிக்க மைதாப் பைல ஒரு பரிமாறல் கால் கப், 30 கிராம்னு இருக்கும், நாலால பெருக்கினா 120. எனக்கு எதுவுமே தெரியாத ரெசிபிக்கு நான் 125ல ஆரம்பிப்பேன், ஏன்னா மாவு கம்மியா இருந்தா கடைசில ஒரு ஸ்பூன் சேக்கலாம், அதிகமாப் போனதை எடுக்க முடியாது.

ரொட்டிப்பித்தன் எழுதியது:
பிரெட்டுக்கு இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருக்கு மாமா, ரெசிபியே உளறிடும். பேக்கர் சதவீதம் தெரியும்ல, மாவை 100னு வெச்சு மத்ததை அதுல எத்தனை சதவீதம்னு பாக்கறது. 500 கிராம் மாவு 325 கிராம் தண்ணின்னா 65 சதவீதம்.

இப்ப ஒரு ரெசிபில 4 கப் மாவு, ஒன்றரை கப் தண்ணின்னு இருக்குன்னு வெச்சுக்கோங்க. தண்ணி 355 கிராம், அதுல சந்தேகமே இல்ல. மாவு 120 கணக்குல 480 கிராம், அப்ப தண்ணி 74 சதவீதம். 142 கணக்குல 568, தண்ணி அறுபத்திரண்டரை சதவீதம். ரெண்டும் ரெண்டு வேற மாவு. 74ல கைல ஒட்டோ ஒட்டுன்னு ஒட்டும், பிசையவே முடியாது, மடிச்சு மடிச்சுதான் கொண்டு வரணும். அறுபத்திரண்டரைல பத்து நிமிஷம் பிசைஞ்சா வழவழன்னு உருண்டையா நிக்கும். இப்ப செய்முறையப் படிங்க. "மாவு மிருதுவாகி கையில் ஒட்டாமல் வரும் வரை பிசையவும்"னு எழுதியிருந்தா அவர் கோரி அளக்கற ஆளு, 140 சொச்சம். "ஈரமாக, தளர்வாக இருக்கும், பயப்படாதீர்கள்"னு எழுதியிருந்தா 120. எழுதினவர் நம்பரைச் சொல்லாட்டியும் மாவு எப்படி இருக்கும்னு சொல்லும்போது மாட்டிப்பாரு.

வேடிக்கை எழுதியது:
துப்பறியும் தொடர் மாதிரி போகுது, அடுத்த பாகம் எப்போ

தராசுமாமா எழுதியது:
ரொட்டிப்பித்தா, பிரமாதம். ரெண்டு நம்பர்லயும் போட்டுப் பாத்து எது செய்முறையோட பொருந்துதுன்னு பாக்கறது. குக்கி, கேக்குக்கு இந்த அளவுக்குத் தெளிவா வராது, முட்டையும் வெண்ணெயும் நடுவுல வந்து குழப்பும், ஆனா பிரெட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

மாவாட்டி எழுதியது:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். முழுக்கோதுமை மாவு, பாதாம் மாவு, அரிசி மாவுக்கெல்லாம் இதே 120 போடலாமா? மொத்தமா யாராவது ஒரு பட்டியல் குடுங்களேன்.

சல்லடைக்காரி எழுதியது:
எல்லாம் ஸ்பூன்ல போட்டு தலை தட்டின கணக்கு, அமெரிக்க கப்புக்கு, குத்துமதிப்புதான்: முழுக்கோதுமை மாவு 113லேர்ந்து 120, பாதாம் மாவு 96, கோகோ பவுடர் 85, பொடிச்ச சர்க்கரை 113லேர்ந்து 120, அரிசி மாவு மட்டும் கனம், 142லேர்ந்து 158 வரைக்கும் ஆளுக்கு ஆள் சொல்றாங்க, அது எவ்ளோ நைசா அரைச்சிருக்குங்கறதைப் பொறுத்தது, அதனால அரிசி மாவு வர்ற ரெசிபில எழுதினவர் கிராம் போடலைன்னா நான் அந்த ரெசிபிக்கே போக மாட்டேன். சர்க்கரை 200, பிரவுன் சர்க்கரை அமுக்கி வெச்சா 213லேர்ந்து 220, வெண்ணெய் 227, தேன் 340. பிரவுன் சர்க்கரைக்கு மட்டும் அமுக்கணும்னு ரெசிபிலயே போட்ருக்கும், மாவுக்கு ஒருத்தரும் எதுவும் போட மாட்டாங்க, அதான் வம்பு.

மைதாவுக்குப் பதிலா முழுக்கோதுமை மாவு போடறீங்கன்னா மைதாவோட கிராம் எவ்ளோவோ அதே கிராம் போடுங்க, கப்புக்கு கப்பு மாத்தாதீங்க. தண்ணி கொஞ்சம் சேத்து ஊத்தி ஒரு இருபது நிமிஷம் ஊற விட்டுட்டு அப்புறம் பிசைங்க, தவிடு மெதுவாத்தான் குடிக்கும்.

மாவாட்டி எழுதியது:
ரொம்ப நன்றி அக்கா, எடுத்து வெச்சுக்கிட்டேன். அவுன்ஸ்ல இருந்தா?

தராசுமாமா எழுதியது:
அவுன்ஸ்னா 28.35 கிராம். ஆனா அமெரிக்காவுல எடைக்கும் அவுன்ஸ்தான் கொள்ளளவுக்கும் அவுன்ஸ்தான். 8 திரவ அவுன்ஸ் ஒரு கப். அதைப் பாத்துட்டு "8 அவுன்ஸ் மாவு = 1 கப்"னு போட்டா தொலைஞ்சுது, 8 அவுன்ஸ் மாவுங்கறது 227 கிராம், ஸ்பூன்ல போட்ட கப்புல ரெண்டு கப்புக்கு கொஞ்சம்தான் கம்மி. மாவு, வெண்ணெய், சாக்லேட்டுக்கு அவுன்ஸ்னு வந்தா எடைன்னே எடுங்க. பாலுக்கும் தண்ணிக்கும் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எதை எடுத்தாலும் உயிர் போகாது.

குட்டிஸ்பூன் எழுதியது:
என் பிரச்சினை வேற. கிராமுக்கு மாறினதுலேர்ந்து மாவு சர்க்கரை எல்லாம் சூப்பர். ஆனா ஈஸ்ட் 3 கிராம், உப்பு 6 கிராம்னு போடும்போது தராசு விளையாடுது. கொஞ்சம் கொஞ்சமா தூவிக்கிட்டே இருக்கேன், நம்பர் 0லயே நிக்குது, திடீர்னு 4ங்குது. சில சமயம் எவ்ளோ தூவினாலும் 0 தான். தராசு போச்சா?

தராசுமாமா எழுதியது:
தராசு நல்லாத்தான் இருக்கு தம்பி. அது உள்ள ஒரு வேலை பண்ணுது. இந்த மாதிரி தராசுல ஒரு உலோகத் துண்டு இருக்கும், எடை வெச்சா இம்மி அளவு வளையும், அந்த வளைவை மின்சாரமா படிச்சு நம்பராக் காட்டுது. சூடு, காத்து, மேடை அதிர்வு இதனால அந்தப் படிப்பு தானாவே மெதுவா நகரும், அப்படி நகரும்போது காலித் தட்டுல 1, 2ன்னு காட்டினா ஆளுங்க திட்டுவாங்கன்னு, பூஜ்யத்துக்குப் பக்கத்துல மெதுவா வர்ற மாற்றத்தையெல்லாம் "இது சும்மா நகருது"ன்னு நினைச்சு அது மறுபடி பூஜ்யமாக்கிக்கும். நீங்க சிட்டிகை சிட்டிகையா உப்பு தூவறது அதுக்கு அந்த நகர்தல் மாதிரியே தெரியுது. அதான் 0லயே நிக்குது, உப்பு மட்டும் கிண்ணத்துல ஏறிக்கிட்டே போகுது.

வழி ரெண்டு. ஒண்ணு, உப்பு டப்பாவையே தராசுல வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு ஸ்பூனால வெளிய எடுங்க, எடுத்தது மைனஸ்ல காட்டும், ஒரே வீச்சுல எடுக்கறதால ஏமாறாது. தேனுக்கும் இதே வழி, கிண்ணம் பிசுபிசுக்காது. ரெண்டு, 0.1 கிராம் காட்டற சின்னத் தராசு தனியா வெச்சுக்கோங்க. ரெண்டும் வேண்டாம்னா 5 கிராமுக்கு கீழ டீஸ்பூனே போதும். 1 கிராம் தராசுல 3 கிராம்னு காட்டினா அது ரெண்டரையாவும் இருக்கலாம் மூன்றரையாவும் இருக்கலாம், டீஸ்பூன் அதைவிட மோசமில்ல.

ரொட்டிப்பித்தன் எழுதியது:
1 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் சொச்சம், தூள் உப்பு 6 கிராம். கல்லுப்பா இருந்தா டீஸ்பூனை நம்பாதீங்க, பரல் பெருசா இருந்தா நடுவுல காத்துதான் இருக்கும், மாவு கதையே அங்கயும்.

கண்ணளவு எழுதியது:
ஆஹா! அப்ப 5 கிராமுக்கு கீழ ஸ்பூன்தான் சரின்னு நீங்களே சொல்லிட்டீங்க. எழுதி வெச்சுக்கறேன்.

தராசுமாமா எழுதியது:
வெச்சுக்கோங்க சார், தேதி போட்டு வெச்சுக்கோங்க. ஆனா அந்த ஸ்பூனையும் தலை தட்டித்தான் போடணும். இந்தத் தலை தட்டற பழக்கமே அமெரிக்காவுல ஃபேனி ஃபார்மர்னு ஒரு அம்மா 1896ல வந்த தன்னோட சமையல் புத்தகத்துல அடிச்சு சொல்லித்தான் பரவுச்சு. ஆக கப்புக்காரங்க கூட கண்ணளவை விட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க எந்தக் கட்சின்னு இப்பவாவது முடிவு பண்ணுங்க.

வேடிக்கை எழுதியது:
மாமா அடிச்சாரு பாரு

அரைக்கப் எழுதியது:
மாமா சொன்ன மாதிரி அந்த ரெசிபிக்காரங்களோட மத்த பக்கமெல்லாம் தேடினேன். ஒரு பிஸ்கட் ரெசிபில "2 கப் மைதா, 250 கிராம்"னு இருக்கு, வேற ஒண்ணுல ஒன்றரை கப்புக்கு 188. ரெண்டும் 125 தான். அப்ப இரண்டே கால் கப்புக்கு 281 கிராம். எனக்கு எப்பவும் காஞ்சு போய் வந்ததுக்குக் காரணமும் தெரிஞ்சுடுச்சு, நான் கப்பால கோரற கட்சி, வீட்டுக் கப்புல தண்ணி ஊத்திப் பாத்தா அதுவும் 250 மில்லி. கோரி தலை தட்டி எடை போட்டா ஒரு கப் 149 கிராம் வருது. இரண்டே கால் கப்புக்கு 335!

281ல செஞ்சேன். மாவு கொஞ்சம் தளதளன்னு இருந்துச்சு, பயந்துட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்து சுட்டேன். ஓரம் மொறுமொறுன்னும் நடுவுல மெத்துனும் பரந்து வந்துச்சு, படத்துல இருந்த மாதிரியே.

சல்லடைக்காரி எழுதியது:
அப்படிப் போடு! அந்த ரெசிபித் தாள்லயே 281னு பேனாவால எழுதி கப்பை அடிச்சுடுங்க. சும்மா 280 போடுங்க, ஒரு கிராமுக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க.

கண்ணளவு எழுதியது:
250 மில்லி கப்பா... நான் போய் என் கப்புல தண்ணி ஊத்திப் பாக்கறேன். யாருக்கும் சொல்லாதீங்க.

அரைக்கப் எழுதியது:
கடைசியா ஒண்ணு. அடுத்து ஒரு கேக் பாக்கறேன், "3 பெரிய முட்டை"ன்னு இருக்கு. எங்க வீட்ல இருக்கறது பொடிசா இருக்கு. இதுக்கும் கிராம் உண்டா?

தராசுமாமா எழுதியது:
உண்டு. அமெரிக்க கணக்குல பெரிய முட்டை ஓட்டோட சராசரியா 57 கிராம் பக்கம், ஓடு இல்லாம 50. மூணுக்கு 150 கிராம். ஓட்டோட எடை போடாதீங்க. உங்க முட்டை நாலை உடைச்சு கரண்டியால அடிச்சு, தராசுல கிண்ணத்தை வெச்சு 150 வரைக்கும் ஊத்துங்க. மிஞ்சினதை அடுத்த தடவை பிரெட் மேல தடவ வெச்சுக்கலாம், ஒரு நாளைக்கு மேல வெக்காதீங்க.